ஹீலியத்தில் சொன்ன சம்மதம்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதுவரை ஒருவருக்கும் சரியாக விளங்கியதில்லை. நான் சொல்லாமல் விட்டதும் இல்லை. ஆழ்கடலின் அடியில் வேலை செய்கிறவர்கள் ஹீலியம் கலந்த காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறார்கள், அதனால் அவர்கள் பேச்சு சிதைந்து கீச்சுக்கீச்சென்று வருகிறது, அதை மறுபடி மனிதப் பேச்சாக மாற்றும் மெஷினுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில் என்று நிறுத்தி நிதானமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப இந்த போன்ல ஸ்பீக்கர் வேல செய்யல, என்னான்னு பாரு புள்ள" என்று கையில் ஒரு போனைத் திணிப்பார்கள். நானும் பார்த்துக் கொடுப்பேன். பெரும்பாலும் ஓட்டையில் கோதுமை மா அடைத்திருக்கும்.

கம்பனி வெளிநாட்டில் இருக்கிறது. நான் அப்புத்தளைக்குப் பக்கத்தில், தொழிலாளர்களின் ஒற்றை அறை வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே நாங்கள் கட்டிக்கொண்ட வீட்டில் இருக்கிறேன். மூடுபனி இறங்கினால் சிக்னலும் கூடவே இறங்கிவிடும் என்பது என் அம்மாவின் கண்டுபிடிப்பு. பனிக்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒருநாள் படம் போட்டு அவளுக்கு விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே பனி இறங்கியது, சிக்னல் போய்விட்டது. கம்பனி மேலாளரிடம் அன்று "வானிலைக் கோளாறு" என்றுதான் எழுத வேண்டியிருந்தது.

விஷயம் அப்படி ஒன்றும் கடினமானதில்லை. ஆழத்தில் சாதாரணக் காற்றை இழுத்தால் அதிலுள்ள நைட்ரஜன் தலைக்கேறி, கள்ளுக் குடித்தவன் மாதிரி ஆகிவிடுவார்கள். அதனால் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஹீலியத்தைக் கலக்கிறார்கள். ஹீலியத்தில் ஒலி ரொம்ப வேகமாக ஓடும். குரல்வளை அதிர்வது ஏறக்குறைய பழையபடிதான். ஆனால் தொண்டையும் வாயும் சேர்ந்து அந்த அதிர்வுக்குக் கொடுக்கிற உருவம் எங்கோ மேலே ஏறிப் போய்விடுகிறது. நாங்கள் வரும் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ரொட்டி மாவைத் தட்டுவதுபோல் அகலமாக இழுத்து, ஓரத்தில் மிஞ்சுவதை நறுக்கிப் போட்டுவிட்டு வரிசையாக ஒட்டுகிறோம். பேச்சு விளங்கும்.

இதில் என் சொந்தப் பங்கு ஒன்று உண்டு. அவர்கள் இருக்கும் இடத்தில் ஓயாத இரைச்சல். காற்று பாயும் சத்தம், வால்வு சத்தம், மூச்சு சத்தம். பேச்சு அல்லாத எதுவாக இருந்தாலும் கண்டுபிடித்து வெட்டி எறியும் ஒரு பகுதியை ஆறு மாதம் மண்டையை உடைத்து எழுதினேன். கம்பனிக் கூட்டத்தில் எல்லோரும் கணினித் திரையில் தத்தம் பெட்டிக்குள் இருந்தபடி கை தட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

என் தம்பி அந்தத் தொழிலுக்குப் போனதற்குக் காரணம் நான்தான். இரும்பு உருளைக்குள் வாழ்ந்துகொண்டு வாத்து மாதிரி பேசும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஒருநாள் சோறு சாப்பிடும்போது வேடிக்கையாகச் சொன்னேன். அவன் அப்போது கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டும் வேலையில் இருந்தான். கடலையே பதினேழு வயதில் முதன்முதலாகப் பார்த்தவன் அவன். நான் வேடிக்கையாகச் சொன்னதை அவன் வேலைவாய்ப்புச் செய்தியாகக் கேட்டுக்கொண்டான். இந்தியாவுக்குப் போய்ப் படித்தான். பிறகு வளைகுடாக் கடலில் எண்ணெய்க் குழாய் பூட்டப் போனான். "பதுளையிலயும் கொழா ஒழுவிக்கிட்டுத்தானே கெடக்கு, அதுக்கு எதுக்குக் கடலுக்குப் போவணும்?" என்று என் தாய்மாமா கேட்டார். அவரிடம் பதில் சொல்லி மாளாது.

கப்பலின் மேல்தளத்தில் ஓர் இரும்பு உருளை. அதற்குள் கடலின் அடியில் உள்ள அதே அழுத்தம். ஆறு பேர் நாலு வாரம் அதற்குள்ளேயே உண்டு உறங்கி, அதிலிருந்தே ஒரு கூண்டில் ஏறிக் கீழே வேலைக்குப் போய் வருவார்கள். வெளியே வர நினைத்தால் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஐந்து நாள் கழித்துத்தான் கதவு திறக்கும். அவசரப்பட்டால் உயிர் போய்விடும். இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒரு காம்பராவுல ஆறு பேரா? அதுக்கு அவன் லயத்துலயே இருந்திருக்கலாமே?"

அவனுக்குப் பெண் பார்த்தது லுணுகலைப் பக்கம். பெண்ணின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக, அதாவது தூளின் பக்குவம் பார்க்கும் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கொடுத்தாலும் முதலில் உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அபிப்பிராயம் சொல்வார். தம்பியின் போட்டோவையும் அப்படித்தான் பிடித்தார் என்று மாமா சத்தியம் செய்கிறார். பெண் அவர்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். அம்மாக்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தம்பி லீவில் வந்திருந்தபோது இரண்டு பேரும் பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் எங்கள் முன்னிலையில் இருபது நிமிடம் பேசினார்கள். அவன் பதினெட்டு நிமிடம் தேத்தண்ணியைக் கலக்கினான். ஆனாலும் இருவருக்கும் பிடித்துப் போயிற்று.

எங்கள் தோட்டத்தில் பரிசம் போடும்போது ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு மாப்பிள்ளை, தட்டு மாற்றி எல்லாம் முடிந்த பிறகு, "எங்கப்பாதான் சம்மதம் சொன்னாரு, நான் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு மொனராகலைக்கு பஸ் ஏறிப் போய்விட்டானாம். அன்றிலிருந்து மாப்பிள்ளை சபையில் தன் சொந்த வாயால், மைக்கில், மூன்று தடவை சம்மதம் சொல்ல வேண்டும். கடைசி லயத்தில் படுத்திருக்கும் நோயாளி வரைக்கும் காதில் விழ வேண்டும். அதன் பிறகுதான் பெண் சொல்வாள். அதன் பிறகுதான் தட்டு மாறும்.

ஆனியில் நாள் குறித்தாயிற்று. அதற்குள் தம்பி வெளியே வந்துவிடுவான் என்பது கணக்கு. ஆனால் கடலுக்கடியில் வேலை இழுத்துவிட்டது. டீ மேக்கர் போனில் தீர்ப்புச் சொன்னார்: "ஆடி பொறந்துட்டா அப்புறம் ஆவணிதான். ஆவணிக்குள்ள என்னென்னமோ நடக்கும்." உடனே மாமா துள்ளிக் குதித்தார். "போன்லயே சொல்லட்டுமே! இப்ப சாவு வீட்டுக்கே போன்லதானே வாறாங்க!"

தம்பியிடம் கேட்டோம். கப்பலின் கட்டுப்பாட்டு அறை வழியாகத்தான் அவனிடம் பேச முடியும். "ஆவணிக்கே வச்சுக்கலாமே அக்கா" என்றான்.

"நீ வாயை மட்டும் தொற, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

இதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இத்தனை வருடமாக போனிலிருந்து கோதுமை மா தோண்டிக் கொடுத்தவளுக்கு, என் உண்மையான தொழிலைத் தோட்டம் முழுக்கத் தெரியும்படி காட்ட ஒரு மேடை கிடைத்தது. அவன் ஏன் ஆவணி என்று சொன்னான் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

கம்பனிக்கு எழுதினேன். அவர்கள் கப்பலில் இருப்பது எங்கள் மெஷின்தான். அதிலிருந்து வரும் மூல ஒலியை நேரே என் கணினிக்கு அனுப்பச் சொன்னால் போதும். மேலாளருக்கு ஒரே குஷி. ஒரு கல்யாணப் பேச்சு அவர் கையில் "பன்மொழிக் களச் சோதனை" ஆகிவிட்டது. சோதனையில் பங்கேற்கும் அனைவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்றார். மூன்று பக்கம். மாமா அதை ஆசீர்வாதப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, "சபை சார்பாக" என்று எழுதி ஒரே கையெழுத்தில் முடித்தார். கடைசியில் கேட்பவரின் திருப்தியை அறிய ஒரு படிவம் வேறு. பேச்சு எவ்வளவு தெளிவாக விளங்கியது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டம் போடுக. அதை மணப்பெண் நிரப்ப வேண்டும்.

மெஷின் அவன் குரலை அவன் குரலாகவே திருப்பித் தர வேண்டுமானால், அவன் இயல்பாகப் பேசிய பதிவு எனக்கு வேண்டும். தேடினால் ஒன்றும் இல்லை. போனில் அவன் பேசுவதெல்லாம் "ஆங்", "சரி", "வைக்கிறேன்". கடைசியில் கிடைத்தது கோயில் திருவிழாப் பதிவுகள். ஐந்தாறு வருடம் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவன்தான் அறிவிப்பாளர். மைக்கைக் கையில் எடுத்ததும் அவனுக்கு வேறொரு தொண்டை முளைத்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் வயிற்றிலிருந்து எடுத்து, உருட்டி, இழுத்து, "இரண்டாம்... நம்பர்... லயத்து... பக்த கோடிகளே..." என்று மலை முழுக்க முழங்குவான். மணிக்கணக்கில் பதிவு இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. அதை வைத்தே மெஷினைப் பழக்கினேன்.

மூன்று நாளுக்கு முன் ஒத்திகை. தம்பியைச் சும்மா ஏதாவது பேசிக்கொண்டே இருக்கச் சொன்னேன். நான் திரையில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஏதேதோ சொன்னான். நடுவில், "ஒரு வாரமா தூக்கமே வர்றதில்லக்கா" என்றான். அதில் ஒலிகள் எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. "அருமை, அதையே இன்னொரு தடவ சொல்லு" என்றேன். பிறகு அதையே இன்னொரு தடவை சொன்னான். அந்த வாக்கியத்துக்கு "சோதனை ஏழு" என்று பெயர் கொடுத்துச் சேமித்தேன். இன்னும் என் கணினியில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

பரிசத்தன்று காலையில் கோயில் மண்டபத்தில் உட்கார இடமில்லை. லுணுகலையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திறங்கினார்கள். பாதிப்பேர் பரிசத்துக்கு வந்தார்கள், மீதிப்பேர் கடலுக்குள்ளிருந்து ஆள் பேசுவதைக் கேட்க வந்தார்கள். பதுளை டவுனிலிருந்து மைக் செட்காரர் வந்து மரத்துக்கு ஒன்றாகப் புனல் ஸ்பீக்கர்களைக் கட்டிவைத்திருந்தார். எதிரொலி வேண்டாம் என்று அவரிடம் மூன்று தடவை சொன்னேன். "எக்கோ இல்லாட்டி அது என்னாங்க விசேஷம்?" என்று மனம் வருந்தி, கொஞ்சமாகக் குறைத்தார்.

நான் மண்டபத்து மூலையில் கணினியோடு உட்கார்ந்தேன். ஹெட்போனில் இடது காதுக்கு மூல ஒலி, வலது காதுக்கு மெஷின் திருத்திய ஒலி. சபைக்குப் போவது திருத்திய ஒலி மட்டும். மேலாளரும் தன் பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இணைப்பு வந்தது. மாமா எழுந்து மைக்கைப் பிடித்து, சபை, முன்னோர், ஆழ்கடல், விஞ்ஞானம் என்று எல்லாவற்றையும் வணங்கிவிட்டு, "மாப்பிள்ளை சம்மதம் சொல்லலாம்" என்றார்.

"எனக்கு... மனப்பூர்வமான... சம்மதம்."

புனல்கள் அதிர்ந்தன. அது தம்பி இல்லை, திருவிழா. கனத்த, உருண்ட, பக்தி மணக்கும் குரல். பின் வரிசையில் யாரோ பழக்க தோஷத்தில் "அரோகரா!" என்று கத்திவிட்டார். நாலைந்து பேர் அதற்குப் பதில் "அரோகரா!" போட்டார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இரண்டாம் தடவை இன்னும் கம்பீரமாக வந்தது. என் கால் தரையில் பாவவில்லை என்றே சொல்லலாம்.

மூன்றாவதுக்கு முன்னால் டீ மேக்கர் கை தூக்கினார். "தம்பிகிட்ட ஒரு வார்த்த கேக்கணும். இந்த வேலையில இன்னும் எத்தன காலம் இருக்கிற யோசனைங்க?"

புனலில் வந்த பதில்: "பத்து... வருசம்... இருப்பேனுங்க."

சபை "ஆஹா" என்றது. "பாத்தீங்களா, யோசிச்சு, நிறுத்தி நிறுத்திப் பேசுறான்" என்று மாமா பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

என் இடது காதில் அந்த நிறுத்தங்கள் காலியாக இல்லை. "பத்து" என்ற சொல்லுக்குப் பின்னால் மெல்லிய கீச்சொலி ஒன்று விட்டு விட்டு வந்தது. முதலில் வால்வு என்று நினைத்தேன். வால்வு அப்படி மூக்கை உறிஞ்சாது. பத்து வருடமாக ஹீலியப் பேச்சையே கேட்டுக் கேட்டு, மெஷின் இல்லாமலே எனக்கு அது விளங்கும். என் தம்பி அழுதுகொண்டிருந்தான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துவிட்டு, இடையில் அழுதான். நான் ஆறு மாதம் மண்டையை உடைத்து எழுதிய அந்தப் பகுதி, அழுகை பேச்சு அல்ல என்று சரியாகக் கண்டுபிடித்து, ஒரு சொட்டு விடாமல் வெட்டி எறிந்துகொண்டிருந்தது. வலது காதில் மிஞ்சியது கம்பீரம்.

சோதனை ஏழு நினைவுக்கு வந்தது.

"மூணாவது தடவ சொல்லுங்க தம்பி" என்றார் மாமா.

உண்மையைச் சொல்கிறேன், விட்டுவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். இன்னும் ஒரே ஒரு வாக்கியம். தட்டு மாறிவிடும், வடை சூடாக இருக்கிறது, மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிறகு ஆற அமர அவனிடம் பேசிக்கொள்ளலாம். அந்த நொடியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. மெஷினை நிறுத்தினேன். மூல ஒலியை அப்படியே புனலுக்கு விட்டேன்.

கீச்சுக்கீச்சென்று ஒரு வாத்துக் கூட்டமே தோட்டத்துக்கு மேல் பறந்தது. அதுவும் எதிரொலியோடு. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பெரியவர்கள், பிறகு ஒட்டுமொத்த மண்டபமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. "மெஷின் பழுதாப் போச்சு! புள்ள, சுருக்கா சரி பண்ணு, மானம் போவுது!" என்று மாமா என்னை நோக்கி ஓடிவந்தார். மைக் செட்காரர் தன்மேல் பழி வந்துவிடுமோ என்று இருந்த திருகுகளையெல்லாம் திருகினார். டீ மேக்கரின் மூக்கு சுருங்கியது.

உள்ளறையிலிருந்து பெண் வெளியே வந்தாள். பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக, கூப்பிடாமல் சபைக்கு வரக் கூடாதவள், நேரே நடந்து மண்டபத்தின் நடுவில் நின்றாள்.

"எல்லாரும் செத்த பேசாம இருங்க" என்றாள். பிள்ளைக் காம்பராவில் சொல்லிப் பழகிய குரல். மாமா உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அழுவுறாரு" என்றாள்.

"அழுகையா? வாத்து கத்துற மாதிரில்ல இருக்கு" என்றார் அவள் அப்பா.

"இருவது கைப்புள்ளைங்கள வச்சிருக்கேன்ப்பா. ஒண்ணுக்கும் பேச்சு வராது. எது பசி, எது பயம்னு எனக்குத் தெரியாதா?"

மைக்கை மாமாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நாந்தான் பேசுறேன். பயமா இருக்கா?"

கடல் வரைக்கும் போய்த் திரும்ப அந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு புனலில் ஒரே ஒரு சின்ன ஒலி வந்தது. அது 'ஆமா' என்று யாருக்கும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் நிறையப் பேசினான். நான் கேட்கக் கேட்க வாயால் சபைக்குச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன் கடலின் அடியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது விளக்கு அணைந்திருக்கிறது. தன் கையே தனக்குத் தெரியாத இருட்டில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி விளக்கு வந்து, குழாயையும் பூட்டிவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறான். ஆனால் அதிலிருந்து கண்ணை மூடினால் அந்த இருட்டு வருகிறதாம். உருளைக்குள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் கட்டுப்பாட்டு அறையும் மற்ற ஐந்து பேரும் கேட்பார்கள் என்பதால் யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். ஆறு பேருக்குக் கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்ததை எட்டுப் புனல் ஸ்பீக்கரில் எதிரொலியோடு சொல்லி முடித்தான், பாவம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அக்காகிட்ட சொன்னேன்" என்றும் ஒரு வாக்கியம் நடுவில் வந்தது. அதையும் சபைக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"சம்மதத்த இப்ப சொல்ல வேணாம்" என்றாள் அவள் மைக்கில். "சொன்னதயும் நான் கணக்குல எடுக்கல. வெளிய வந்து, மூச்ச நல்லா இழுத்துவிட்டு, அப்புறமா சொல்லுங்க. நானும் அப்பத்தான் சொல்லுவேன்."

"ஆடி பொறந்துருமே!" என்று அவள் அப்பா தவித்தார்.

"ஆடியில சொன்னா வாய் வெந்து போயிருமா?"

டீ மேக்கர் சபையைப் பார்த்தார். சபை மாமாவைப் பார்த்தது. மாமா சமையல் கொட்டகையைப் பார்த்தார். பரிசம் நடக்காவிட்டால் சாப்பாடு போடலாமா கூடாதா என்பதற்கு எங்கள் தோட்டத்தில் வழக்கம் எதுவும் இல்லை. அரை மணி நேரம் வாதாடி, சமைத்ததை வீணாக்குவது பாவம் என்ற முடிவுக்கு இரு வீட்டாரும் ஒருமனதாக வந்தார்கள். அன்று முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். பந்தியில் டீ மேக்கர் வடையை முகர்ந்து பார்த்துவிட்டு மூன்று சாப்பிட்டார்.

கப்பலில் கட்டுப்பாட்டு அறைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மெஷினை நிறுத்திய பின் புனலில் வந்த ஒலி, சபை மைக் வழியாகத் திரும்பிப் போய் அவருக்கும் விளங்கியிருக்கிறது. அன்றே தம்பியைக் கீழே போவதிலிருந்து நிறுத்தி, தனியறைக்கு மாற்றி, அழுத்தத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள். ஐந்து நாள். ஐந்து நாளும் மத்தியானம், பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் தூங்கும் நேரம் பார்த்து எனக்கு போன் வரும்.

"அக்கா, அவருக்கு லைன் போட்டுத் தாறீங்களா?"

"மெஷினத் திருத்தி வச்சிருக்கேன்மா. திருவிழாக் குரலையெல்லாம் எடுத்துட்டேன். இப்ப கேட்டா அவனே பேசுற மாதிரி இருக்கும்."

"மெஷின் வேணாங்க அக்கா. சும்மாவே போடுங்க."

போட்டேன். ஒருபக்கம் கீச்சுக்கீச்சு, மறுபக்கம் தூங்கும் பிள்ளைகளுக்காகத் தாழ்த்திய குரல். முதல் நாள் அவளுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். மூன்றாம் நாள் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஹீலியத்தில் சிரிப்பும் கேட்பதற்கு அழுகை மாதிரிதான் இருக்கும், எனக்கே ஒரு நொடி திக்கென்றது. அவளுக்கு அந்தக் குழப்பம் வரவில்லை.

மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது. களச் சோதனையின்போது இரைச்சல் நீக்கும் பகுதி பல நிமிடம் செயலிழந்தது கவலை அளிக்கிறது, காரணம் தெரிவிக்கவும். செயலிழக்கவில்லை, நான்தான் நிறுத்தினேன், ஆள் அழுதால் அதை வெட்டாமல் விடும்படி மாற்றி எழுத அனுமதி தாருங்கள் என்று பதில் எழுதினேன். வாடிக்கையாளர்கள் எவரும் இதுவரை அழுகையைக் கேட்கவில்லை என்று மறு பதில் வந்தது. அனுமதி இல்லாமலே மாற்றி எழுதிவிட்டேன். இதைப் படிக்கும் அளவுக்கு மேலாளருக்குத் தமிழ் தெரியாது.

தம்பி வெளியே வந்து, ஆடி மாதம் என்றும் பாராமல் லுணுகலைக்குப் போய், பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று, மைக் இல்லாமல் ஒரே ஒரு தடவை சம்மதம் சொன்னானாம். வாசலில் இருந்த ஒரு பிள்ளை அவனைப் பார்த்து வீரிட்டு அழுததாம். ஆவணியில் சபை கூடி, அதே புனல்களில் மூன்று தடவை சொல்லித் தட்டு மாற்றினோம். அவனுடைய இயல்பான குரல் மெலிந்தது, கொஞ்சம் மூக்கால் வருவது. அதைக் கேட்டுச் சபைக்குப் பெரிய ஏமாற்றம். யாரும் அரோகரா போடவில்லை. மறுபடி அந்த வேலைக்குப் போவானா என்று டீ மேக்கர் இன்றைக்கும் கேட்கிறார். "தெரியலீங்க மாமா" என்று அவன் சொல்கிறான், சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல்.

திருப்திப் படிவத்தை அவள் மறக்காமல் நிரப்பித் தந்தாள். மெஷின் வழியாகக் கேட்டபோது பேச்சு எவ்வளவு தெளிவாக விளங்கியது என்ற கேள்விக்கு ஒன்றில் வட்டம் போட்டிருந்தாள். மெஷின் இல்லாமல் கேட்டபோது என்ற கேள்வி படிவத்தில் இல்லை. அவளே கீழே பேனாவால் எழுதி, பக்கத்தில் ஐந்து என்று போட்டு, அதைச் சுற்றி இரண்டு வட்டம் இழுத்திருந்தாள். பத்து வருடம் அந்தத் தொழிலில் ஊறியவளுக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கம்பனிக்கு அப்படியே அனுப்பி வைத்தேன்.